பதினோரு நிமிடச் சாட்சி

ஞானதாஸ் பெரியப்பா சாட்சி சொல்ல எழுந்தார் என்றால் எங்கள் சபையில் ஆண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேராவது நைசாக வெளியே போய்விடுவார்கள். சரியாகப் பதினோரு நிமிடம் கழித்து உள்ளே வருவார்கள். நான் கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன், பத்தும் கிடையாது, பன்னிரண்டும் கிடையாது. மாதக் கடைசி ஞாயிறு, அறுவடைப் பண்டிகை, பிள்ளை பிறந்த வீடு, துக்க வீட்டு ஜெபம், எங்கே எழுந்து நின்றாலும் அதே சாட்சி, அதே வார்த்தை. காலனிப் பிள்ளைகள் குழாயடியில் விளையாடும்போது அவரைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக் காட்டி அதைச் சொல்லும். எனக்கும் மனப்பாடம்.

ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பை ஒட்டி இருக்கிறது புதுப்பட்டினம். கடைத்தெருவைத் தாண்டி, கால்வாய்ப் பக்கம் இறங்கும் மண் பாதையில் எங்கள் காலனி. கடைத்தெருவில் என் கடை, பூபாலன் வீடியோ. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் எடுப்பேன். கேசட் வியாபாரம் படுத்த பிறகு பாதிக் கடையைத் தடுத்து நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். ஞானதாஸ் எனக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் படாளத்தில் ஒரே பண்ணையில் கிடந்து, ஒரே வருஷம் இந்தப் பக்கம் பிழைக்க வந்தவை. அந்த முறைதான். அவர் பெண் ரூத் என்னை அண்ணா என்பாள்.

பெரியப்பாவுக்கு, நாங்கள் பிளான்ட் என்று சொல்கிற அணுமின் நிலையத்தில் கான்ட்ராக்டு வேலை. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற இடத்தில் பெரிய பெரிய கம்பி வலை உண்டு. காற்று திரும்புகிற மாதங்களில் மீனவர்கள் சொறி என்று சொல்கிற ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக வந்து அதில் அப்பிக்கொள்ளும். அதை அள்ளிக் கூடையில் போட்டு அப்புறப்படுத்துகிற ஆட்களில் அவர் ஒருவர். கையுறை கொடுப்பார்கள். கொடுத்தாலும் மணிக்கட்டுக்கு மேலே எங்காவது பட்டுவிடும். பட்ட இடம் தடித்து, அரித்து, புண்ணாகி ஆறும். ஆறுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை வரி வரியாகக் கறுத்து, வெந்தது மாதிரி ஆகிவிட்டது. சோறு பிசையும்போது அந்தக் கையைப் பார்க்கிற புது ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

ரூத் படித்தாள். நன்றாகவே படித்தாள். இரண்டாயிரத்து ஏழில் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் வந்து மெயின் ரோட்டில் நிற்கும். காலனியிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு முதல் முதலில் அந்த பஸ் ஏறியது அவள்தான். அவள் அம்மா ரெபேக்காள் பெரியம்மா தினமும் பாதை முனை வரை போய் நின்று, பஸ் திரும்பும் வரை பார்த்துவிட்டு வருவாள். மறு வருஷம் வேலை நிரந்தரமானதும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். வாசலில் பந்தல், ரிப்பன் வெட்டு, பாஸ்டர், பாட்டு, பிரசங்கம், எல்லோருக்கும் பிரியாணி. வீடியோ நான். காசு வேண்டாம் என்றேன். பெரியப்பா கேட்கவில்லை, சட்டைப் பையில் திணித்தார்.

அன்று பிரசங்கம் முடிந்ததும் அவர் எழுந்தார். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். அவர் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார் என்று தெரியும்.

"என் பேரு ஞானதாஸ். படாளத்துல பொறந்தேன். எங்கப்பன் பண்ணையாளு. பத்து வயசுல நானும் மாடு ஓட்டப் போனேன். எனக்குனு ஒரு அலுமினியத் தட்டு. அது வூட்டுக்குள்ள வராது. மாட்டுக் கொட்டா கூரைல சொருவி இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டுன அப்பறம்தான் எனக்குக் கூழு ஊத்துவாங்க."

இப்படியே போகும். இருபத்து மூன்று வயதில் ரெபேக்காளைக் கூட்டிக்கொண்டு நடந்தே மதுராந்தகம் வந்தது, அங்கிருந்து இங்கே வந்தது, அவள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தது. பிறகு அவர் குரலை ஒரு படி ஏற்றுவார்.

"நான் அந்தக் குவாட்டர்ஸ்ல கக்கூசு அடைப்பு எடுத்தேன். வாளில அள்ளுனேன். அப்பறம் பிளான்ட்டுல சொறி அள்றதுக்குச் சேத்துக்கினாங்க. பதினெட்டு வருசமா அள்ளிகினு கீறேன். இந்தக் கையப் பாருங்க."

இரண்டு கையையும் மேலே தூக்குவார். பெண்கள் பக்கத்திலிருந்து எதிர் வீட்டுக்காரி வேண்டா, "ஆமென்" என்பாள். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அந்த ஆமென் விழாமல் இருந்ததில்லை.

"இந்தக் கையாலதான் என் பொண்ணப் படிக்க வெச்சேன். கர்த்தரு என்னிய எந்தக் குப்பைல இருந்து எடுத்தாரு, எங்க கொண்ணாந்து வெச்சாரு, பாருங்க."

அவருக்கு அது பெருமை. எவ்வளவு கீழே கிடந்தேன் என்று சொல்லச் சொல்லத்தான் தூக்கிவிட்டவருக்கு மகிமை என்பது அவர் கணக்கு. ஒரு தடவை நான் வாய் அடங்காமல், "கொஞ்சம் சுருக்கமாச் சொல்லக்கூடாதா பெரிப்பா, பிரியாணி ஆறுது" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாட்சில ஒண்ணு கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. கொறச்சா அது பொய்யிடா" என்றார்.

ஸ்தோத்திர ஜெபத்தன்று அவர் கையைத் தூக்கியபோது கேமராவுக்குப் பக்கத்தில் நின்றபடி நான் ரூத்தைப் பார்த்தேன். அவள் அலுவலகத் தோழிகள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரூத் குனிந்து பாய் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டு நான் கண்ணசந்திருந்தேன்.

"அண்ணா, ஜெபம் எடுத்த அந்த சிடி அங்க ஓடாதாம்" என்றாள்.

"எங்க?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். அவள் விரும்புகிற பையன் பேர் இனியன். அதே கம்பெனி, அதே டீம். இப்போது வேலையாக இங்கிலாந்து போயிருக்கிறான். வர ஆறு மாதம் ஆகும். அப்பா செல்வராஜ் டவுன்ஷிப்பில் ஆபீசர், திருநெல்வேலிப் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் சொல்லிவிட்டானாம், அவர்களுக்கும் சம்மதம் மாதிரிதானாம். ஜெபத்துக்கு வர முடியவில்லை, வீடியோவாவது அனுப்பு, உங்க அப்பா அம்மாவைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறான்.

"அவரு கைல ஆபீஸ் லேப்டாப்புதான் கீது. அதுல நம்ம இஷ்டத்துக்கு எதுவும் ஏத்த வுட மாட்டாங்க. சிடில கீற இந்த டி.ஏ.டி. ஃபைலு அதுல தொறக்காதாம்."

அப்போது நெட்டிலேயே ஃபைலை மாற்றித் தருகிற சைட்டுகள் வந்திருந்தன. நம் ஃபைலை ஏற்றி, எந்த வகை வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஈமெயில் முகவரி கொடுத்தால், மாற்றிய ஃபைலுக்கு லிங்க் அனுப்புவார்கள். ஒரே நிபந்தனை, ஓசியில் ஒரு தடவைக்கு நூறு எம்.பி.தான். என் சிடியில் நாற்பத்தெட்டு நிமிடம், நானூற்று எண்பது எம்.பி. நிமிடத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மொதல்ல ஒரு துண்டு எடுத்து நாலு தினுசா மாத்திப் பாப்போம். எது நல்லாக் கீதோ அதுல மொத்தத்தையும் போட்டுக்கலாம்" என்றேன்.

கேமரா ஆடாமல் இருந்த இடமாகப் பார்த்து ஒரு நிமிடம் வெட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. பெரியப்பா கையைத் தூக்குகிற இடம்தான் ஆடாமல் இருந்தது. நாலு லிங்க்கும் வந்து இறங்குவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. ஏ.வி.ஐ. மூலத்தை விடப் பெருத்துப் போய் வந்தது, அதை அனுப்புவதற்குள் பையனே ஊர் வந்துவிடுவான். எம்.பி. ஃபோர் சின்னது, சுத்தமாக இருந்தது, ஆனால் வெறும் விண்டோஸில் அப்போது ஓடாது. டபிள்யூ.எம்.வி. ஓடும், படமும் மோசமில்லை. கடைசியாக செல்போனுக்கு என்று இருக்கிற த்ரீ ஜி.பி. ரொம்பச் சின்னது. முகம் எல்லாம் கட்டம் கட்டமாக அப்பியிருந்தது.

நான் டபிள்யூ.எம்.வி. என்று சொல்ல வாயெடுத்தேன். ரூத் கடைசியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல கை தெரியல" என்றாள்.

"கையி எங்க தெரியும், மூஞ்சியே தெரியல. இத்த அனுப்புனா அவுரு உங்கப்பன யாருனு கேப்பாரு."

"இதே இருக்கட்டுமே அண்ணா."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட விட்டாள். பாதியிலேயே கழற்றி மேசை மேல் வைத்தாள். எனக்கும் கேட்டது. படம் எவ்வளவு கெட்டிருந்தாலும் குரல் கெடவில்லை. கக்கூசு அடைப்பு, வாளி, சொறி, ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி விழுந்தது.

"ஏழைனு அவருக்குத் தெரியும்ணா. காலனினும் தெரியும். அதெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள். "அப்பா இன்னா பண்றாருனு கேட்டாங்க. பிளான்ட்டுலனு சொன்னேன். பொய் சொல்லல. அவங்களே பர்மனென்ட்டுனு நெனச்சிகினாங்க. அவங்கப்பா அந்தக் குவாட்டர்ஸ்லதான் இருவத்தஞ்சி வருசமாக் கீறாரு. அவங்க வூட்டு அடைப்பையே எங்கப்பா எடுத்து இருப்பாரோ இன்னாவோ. அத்த நான் எப்பிடிணா அனுப்பறது?"

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மாவும் அதே குவார்ட்டர்ஸில்தான் துடைப்பம் பிடித்தாள். கடைக்கு வருகிற டவுன்ஷிப் ஆட்கள் யாரிடமாவது அதை நான் சொல்லியிருக்கிறேனா? கிடையாது. அவர்கள் என்னை பூபாலன் சார் என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

"மொத்தமா அனுப்ப முடியாதில்ல? நூறு நூறா வெட்டணும்ல?" என்று கேட்டாள்.

"வெட்டணும்."

"அப்பாது எவ்ளோ?"

"பதினோரு நிமிசம். நூத்திப் பத்து வரும்."

"அப்ப ஏறாது."

"ஏறாது."

"எடம் பத்தலனு சொன்னா பொய்யில்லல்ல?"

பொய்யில்லை. பத்து எம்.பி. அதிகம்தான். இரண்டாக வெட்டினால் தாராளமாக ஏறும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்தொன்பது நிமிடப் பிரசங்கத்தை அப்படித்தான் இரண்டாக வெட்டி ஏற்றினோம். பாட்டு, ரிப்பன் வெட்டியது, பிரியாணிப் பந்தி எல்லாம் டபிள்யூ.எம்.வி.யில் போனது. சாட்சி மட்டும் போகவில்லை. வெட்டுகிற இடத்தில் மௌஸை வைத்தது அவள், அழுத்தியது நான். வெட்டு தெரியாமல் இருக்க, பாஸ்டர் கண்ணை மூடுகிற இடத்தோடு அடுத்த பாட்டு தொடங்குகிற இடத்தை இழைத்துக் கொடுத்தேன். அந்தத் தொழில் எனக்கு நன்றாக வரும்.

மறு மாதம் செல்வராஜும் அவர் மனைவி ராஜமும் பெண் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெரியம்மா முந்தின நாளே வீட்டைக் கழுவிவிட்டாள். ஞாயிறு என்றால் மாட்டுக்கறிதான், அன்று ரூத் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோழி வாங்கியும் வாசனை வருமோ என்று மத்தியானமே சாப்பிட்டு முடித்து, மீதியை எதிர் வீட்டு வேண்டாவிடம் கொடுத்துவிட்டாள். வந்தவர்களுக்கு உளுந்து வடை, கேசரி, காபி. நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். பெரியப்பா முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானை மாட்டியிருந்தார். யார் மாட்டச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் நல்ல மனிதர்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ராஜம் உள்ளே வந்ததும் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வராஜ் வடையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மகன் வீடியோ அனுப்பியிருந்தான். உங்க வீட்டு ஜெபம். ரொம்ப நல்லா இருந்துச்சு, பாட்டெல்லாம் அருமை" என்றார்.

பெரியப்பா முகம் மலர்ந்தது. "நான் இன்னும் அத்தப் பாக்கலிங்க. கம்ப்யூட்டர்ல ஓடுதுனாங்க. எங்கிட்ட ஏது கம்ப்யூட்டரு?"

"இதோ, லேப்டாப் கொண்டு வந்திருக்கேன். பாத்துருவோமே" என்றார் செல்வராஜ்.

முக்காலி மேல் வைத்து ஓட விட்டார். எதிர் வீட்டு வேண்டாவும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். பந்தல் வந்தது, ரிப்பன் வந்தது. தன்னைப் பார்த்ததும் பெரியம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். பிரசங்கம் தொடங்கியதும் செல்வராஜ் கொஞ்சம் ஓட்டலாமா என்று கேட்டார். "ஓட்டுங்க, ஓட்டுங்க, அதுக்கு அப்பறம்தான் என் சாட்சி வரும்" என்றார் பெரியப்பா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வாசற்படியை அடைத்துக்கொண்டு வேண்டா உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்டர் கண்ணை மூடினார். பாட்டு தொடங்கியது.

"இப்ப வரும் பாருங்க" என்றார் பெரியப்பா. பாட்டு முடிந்தது. பந்தியில் இலை போட்டார்கள். "பந்திக்கு முன்னாடிதான சொன்னேன்? பூபாலா, நீதான எடுத்த?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூத் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எடம் பத்தல பெரிப்பா" என்றேன்.

"இன்னா எடம்?"

"கம்ப்யூட்டர்ல அனுப்பறதுக்கு அளவு கீது. அதுக்கு மேல ஏறாது."

"எவ்ளோ ஏறல?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. "பதினோரு நிமிசம்."

பெரியப்பா திரையைப் பார்த்தார். பந்தியில் அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் இருந்தார், பாட்டு இருந்தது, பத்தொன்பது நிமிடப் பிரசங்கம் இருந்தது, தண்ணீர் ஊற்றுகிற என் தம்பி கூட இருந்தான். அவர் மெதுவாகத் திரும்பி ரூத்தைப் பார்த்தார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. அவர் தன் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது. மண்ணைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

செல்வராஜுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

"விட்டுப் போச்சுன்னா என்ன, இப்ப சொல்லுங்களேன் சார். நேர்ல கேக்குறதுதான் நல்லது. நீங்க பிளான்ட்டுலதானே, எந்த செக்‌ஷன்?"

"கடல் தண்ணி எடுக்குற எடத்துலங்க" என்றார் பெரியப்பா.

"ஓ, பம்ப் ஹவுஸா. சரி சரி. சொல்லுங்க, சாட்சி சொல்லுங்க."

பெரியப்பா எழுந்து நின்றார். யார் சாட்சி கேட்டாலும் உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

"என் பேரு ஞானதாஸ். படாளத்துல பொறந்தேன்."

நிறுத்தினார். அடுத்தது அப்பன் பண்ணையாள் என்று வர வேண்டும். பெரியம்மா தரையைப் பார்த்தாள்.

"விவசாயக் குடும்பங்க" என்றார். "அப்பறம் கல்யாணம் ஆச்சி. இங்க வந்தோம். பிளான்ட்டுல வேல கெடச்சிது. ஒரே பொண்ணு. படிக்க வெச்சோம்."

கைகள் அவரை அறியாமல் மேலே எழுந்தன. இடுப்பு வரை வந்து நின்றுவிட்டன. கீழே இறக்கி, பின்னால் கட்டிக்கொண்டார். வாசற்படியில் வேண்டா ஆமென் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய இடம் வரவே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அவ்ளோதாங்க. கர்த்தர் நல்லவரு" என்றார். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராஜம், "ஆமென்" என்றாள். பிறகு கேசரிக்குச் சீனி அளவு என்ன என்று கேட்டாள்.

ரூத் காபியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அப்பாவிடம் வந்தாள். குனிந்து டம்ளரை நீட்டினாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"நடுவுல வுட்டுட்டியேப்பா."

பெரியப்பா டம்ளரை வாங்கிக்கொண்டார். அவளை நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"எடம் பத்தலம்மா" என்றார்.

அன்று அவர்கள் கிளம்பிப் போன பிறகு ரூத் என் வண்டி வரை வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஜெபத்துக்கு நீ எடுத்த கேசட்டு கீதாண்ணா?"

"கீது."

"அப்பாது மட்டும் வெட்டு. ரெண்டாப் போடு. ஒண்ணையும் வுடாத. நாளைக்கே அனுப்பணும்."

மறுநாள் அவள் லீவு போட்டாள். காலையிலிருந்து கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை நிமிடம், ஐந்தரை நிமிடமாக இரண்டு துண்டு. முதல் துண்டு ஏறி, மாறி, லிங்க் வந்து, அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது துண்டு முக்கால்வாசி வந்து இறங்கியபோது கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போகாத நாள் ஏது? என் யு.பி.எஸ். ஒரு நிமிடம் கத்திவிட்டுச் செத்தது. கரண்ட் வந்த பிறகு ஃபைல் இருந்தது, அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டியது. அவசரத்தில் இரண்டு பேரும் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டோம்.

சாயங்காலம் அவள் செல் அடித்தது. இனியன்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், தெரியாமல் விரல் பட்டதோ என்னவோ.

"முதல் பாகம் பாத்துட்டேன் ரூத். மாட்டுக் கொட்டகை, தட்டு எல்லாம் சொல்றாரு. கஷ்டமா இருந்துச்சு. ரெண்டாவது திறக்கவே இல்ல. அது என்ன ஃபார்மட்? அதுல என்ன இருக்கு?"

ரூத் என்னைப் பார்த்தாள். மறுபடி மாற்றலாம், இரண்டு மணி நேரம் ஆகும் என்று நான் சைகை காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். செல்லைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நானே சொல்றேன்" என்றாள். "அப்பா இப்பிடிச் சொல்வாரு. எம் பொண்டாட்டி அந்தக் குவாட்டர்ஸ்ல நாலு வூட்ல பாத்திரம் தேச்சா. நான் அங்க கக்கூசு அடைப்பு எடுத்தேன். வாளில அள்ளுனேன்."

அவர் சொல்கிற மாதிரியே சொன்னாள், அதே வார்த்தை, அதே இடத்தில் ஏறுகிற குரல். அவனிடம் பேசுகிற நாவலூர் ஆபீஸ் பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் டவுன்ஷிப் பையன்கள் இரண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. இந்தக் கையப் பாருங்க என்ற இடம் வந்ததும், போனில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் திணறினாள்.

"கையெல்லாம் வெந்த மாதிரி இருக்கும் இனியன். நான் கேட்டுத்தான் நேத்து முழுக்கைச் சட்ட போட்டுகினாரு. பிளான்ட்டுனு உங்கிட்ட சொன்னது அதான், சொறி அள்றது. வீடியோவுல அந்த எடத்த வெட்டுனதும் நான்தான். உங்கப்பாகிட்ட நேத்து அவரு முழுசாச் சொல்லாததும் என்னாலதான்."

நான் வெளியே போய் ஷட்டர் ஓரம் நின்றேன். எவ்வளவு நேரம் பேசினாள் என்று கடிகாரம் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது சுடிதார் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"கேட்டுகினே இருந்தாரு. அப்பறம் அவங்கப்பாகிட்ட நானே சொல்லிர்றேன்னாரு. ஊருக்கு வந்ததும் அப்பா வாயால முழுசாக் கேக்கணுமாம்." துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்பா சொல்வாராண்ணா?"

"சொல்வாரு, சொல்லாம எங்க போவாரு" என்றேன்.

அது மாதக் கடைசி வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் வழக்கம் போல, "சாட்சி சொல்றவங்க எழுந்து சொல்லலாம்" என்றார். சொல்லிவிட்டு வழக்கம் போலப் பெரியப்பா பக்கம் பார்த்தார். வழக்கமாக வெளியே போகிற ஏசுதாஸும் அப்பாசாமியும் எழுந்து வாசல் வரை போய்விட்டார்கள்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை. பெண்கள் பக்கத்திலிருந்து ரூத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் இன்னொரு தடவை கேட்டார்.

வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு செருப்பை மறுபடி கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.